அப்பாவின் எலும்புகளைக் கழுவிய நாள்

கோனிட்சா,
மே 1978

என் கண்ணே ஃபோட்டி,

என் முட்டிவலியைத் தவிர இங்கே எல்லாம் சுகம், மெல்போர்னில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். இதை உட்கார்ந்து படி. உன் அப்பாவைப் புதைத்து மூன்று வருஷம் ஆனதால், நம் வழக்கப்படி எலும்பெடுக்கச் சனிக்கிழமை குழியைத் திறந்தோம், நல்லபடியாகவே கரைந்திருந்தார், பாவியின் உடம்புதான் கரையாது என்று ஊரார் குறை சொல்ல வழியில்லை. பாதிரியார் ஜெபித்தார், நான் மண்டையோட்டை முத்தமிட்டு ஒயினில் கழுவினேன். பிறகு இடுப்பெலும்பை எடுத்தபோது விரலில் ஏதோ இடறியது, கல்லென்று சுரண்டினால் வரவில்லை. துப்பாக்கிக் குண்டு! எலும்போடு எலும்பாகப் புதைந்து கிடக்கிறது. கோவேறு கழுதை தள்ளிவிட்டதால்தான் நொண்டுகிறேன் என்று சாகும்வரை சொன்ன மனுஷன். அந்தக் கழுதையை நான் எத்தனை திட்டு திட்டியிருப்பேன்!

அப்பாவின் ஊர்க்காரர் ஸீசிஸ் பக்கத்தில்தான் நின்றார், முகம் வெளுத்துவிட்டது. சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். "மதினி, சத்தம் போடாதீங்க. உங்க கல்யாணத்துக்கு முந்தி, உள்நாட்டுப் போர்ல, கிராமோஸ் மலைச் சண்டையில பட்டது. நாங்க ரெண்டு பேரும் கம்யூனிஸ்ட் பக்கம் நின்னோம். வெளிய தெரிஞ்சா புள்ளைக்குப் போலீஸ்காரன் நன்னடத்தைச் சான்று தரமாட்டான், கப்பலேற முடியாதுன்னு கடைசிவரைக்கும் வாயத் தொறக்கல" என்றார். அதே சண்டையில்தானே, ராணுவச் சிப்பாயாகப் போன என் தம்பி ஸ்டெர்யோஸ் செத்தான்! அவனைச் சுட்டது யார் என்று கேட்டதற்கு, "அந்தப் புகையில யாரு யாரைச் சுட்டாங்கன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம்" என்கிறார். இதெல்லாம் ஒரு பதிலா? தம்பியின் நினைவு நாளுக்கு நான் அவிக்கும் கோதுமையை அப்பா ஒரு வருஷமும் வாயில் வைத்ததில்லை, வயிறு சரியில்லை என்பார். நானும் நம்பினேன்.

பாதி கழுவினதை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிட்டேன், பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும். எலும்புகள் வைக்கும் கூடத்தில் தம்பியின் பெட்டிக்குப் பக்கத்து இடத்தை அப்பாவுக்கென்று நானே கேட்டு வைத்திருந்தேன். எங்கே வைக்கட்டும் என்று பாதிரியார் கேட்டார். அப்புறம் உட்கார்ந்து மீதியையும் கழுவினேன், அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும். குண்டை எடுக்கவில்லை. பெட்டியைத் தம்பியின் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். எனக்குச் சொல்லாததை அவனிடமாவது சொல்லட்டும்.

மாதா உங்கள் எல்லாரையும் காக்கட்டும், குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டுக்கொள். ஃபோட்டி, உனக்கு இது முன்பே தெரியாது என்று மட்டும் உடனே எழுது.

உன் அம்மா,
தெஸ்பினா