நலங்குக்கு முன் ஒரு ரேசர்

மே 14, வியாழன், இரவு

ஞாயிற்றுக்கிழமை எனக்கு நலங்கு. வேக்சிங்குக்காக மூன்று வாரம் கை முடியை வளரவிட்டு, இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடு அலைந்தேன். முந்தாநாள் ஆபீஸ் விருந்துக்குக் கிளம்பும்போது பொறுமை போய், ரேசரை எடுத்து மழித்துத் தொலைத்தேன். இன்று எங்கள் ஊர் ஸ்கூடாய் பார்லரில் கவிதா அக்கா என் கையைத் தடவிப் பார்த்தார்.

"அலமாக், ஐயோ, ஷேவ் பண்ணிட்டியா? அரிசி அளவாவது வளந்தாதான் வேக்ஸ் பிடிக்கும்லா. மூணு வாரம் கழிச்சு வா."

அதற்குள் தாலியே ஏறிவிடும்! ஞாயிறு காலை மறுபடி மழித்தால் மஞ்சள் பட்டதும் எரியும், விட்டால் சொரசொரக்கும். என் கைகளில் முதலில் மஞ்சள் பூசப்போகிறவர் மாப்பிள்ளையின் அம்மா. பெண் பார்க்க வந்த அன்று, முந்தின நாள்தான் வேக்சிங் செய்திருந்த இதே கையைப் பிடித்துக்கொண்டு, "பட்டு மாதிரி இருக்கு, தொட்டுப் பாருங்க" என்று எல்லாரையும் கூப்பிட்டவர்.