கொப்பிக்கு நான் போட்ட உறை

மச்சாள்,

இன்று காலை சுவரில் தொங்கிய பழைய கலண்டரைக் கழற்றினேன். அந்த வழுவழுப்பான தடித்த தாளின் மை மணம் மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவள் என்றாலும், கொப்பிக்கு உறை போடுவதில் என்னை வெல்ல ஆளில்லை என்று நயினாதீவு முழுக்கப் பெருமை அடித்துத் திரிந்தவள் நான். பிள்ளைகளின் கொப்பி, பேரப்பிள்ளைகளின் கொப்பி, கடைசியாக, உம்முடைய வருத்தமும் மருந்தும் டொக்டர்மார் எழுதிவைத்த கிளினிக் கொப்பி. அதற்குப் பிறகு நான் எதற்கும் உறை போடவில்லை.

உமக்குக் கால் வீங்கிச் சிவந்து, காய்ச்சல் விட்டுவிட்டு வந்த வைகாசி அது. கனடாவிலிருந்து உம்முடைய மகன் போன் எடுத்தான். "மாமி, பட்டணத்திலை ஒரு பிரைவேற் ஆஸ்பத்திரி இருக்கு. நாலரை நட்சத்திரம் போட்டிருக்கினம். அம்மாவை அங்கை கொண்டு போங்கோ."

நட்சத்திரம் என்றால் என்ன என்று கேட்டேன். போய் வந்த சனம் போனில் போடும் புள்ளி என்றான். ஐந்துக்கு நாலரை என்றால் கெட்டிக்கார ஆஸ்பத்திரிதானே என்று நினைத்துக்கொண்டேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம் உம்முடைய கொப்பியை எடுத்துப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு, மடிந்த மூலைகள், முகப்பில் சிவப்பு மையால் பெரிதாக எழுதிய இங்கிலீசு எழுத்து. கண்ணாடிக் கதவு வைத்த ஆஸ்பத்திரிக்கு இதையா கொண்டுபோவது என்று எனக்கு வெட்கமாக இருந்தது. படகில் தண்ணீர் தெறிக்கும் என்று ஒரு சாட்டும் கிடைத்தது. லட்சுமி படம் வெளியே தெரியும்படி கலண்டர் தாளை மடித்து உறை போட்டேன்.

நீர் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தீர்.

"என்ன மச்சாள், கொப்பிக்குக் கலியாணமோ?" என்று சிரித்தீர். பிறகு, "முன்னுக்கு டொக்டர் எழுதினது மறையுதெல்லே?" என்று கேட்டீர்.

"உள்ளுக்கும் எழுதியிருப்பினம். அவை படிச்ச ஆக்கள்."

அந்தச் சிவப்பு எழுத்து என்ன சொல்கிறது என்று நான் உம்மைக் கேட்டிருக்கலாம். நீர் சொல்லியிருப்பீர். ஆனால் எனக்குத் தெரியாத ஒன்று உமக்குத் தெரியும் என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் குளிர் அறை, பளிங்குத் தரை. உமக்கு ஊசி எழுதிக் கொடுத்துவிட்டு டொக்டர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். ஊசி போட வந்த தாதி காரைநகர்ப் பிள்ளை. நல்ல மரியாதையாகத்தான் கேட்டாள்.

"அம்மா, உங்களுக்கு ஏதும் மருந்து ஒத்துக்கொள்ளாதோ?"

நீர் காய்ச்சலில் கண்ணை மூடியபடி, "எனக்கு முந்தி ஒருக்கா ஊசி..." என்று தொடங்கினீர். நான் இடையில் விழுந்தேன்.

"நீர் பேசாமல் படுத்திரும் மச்சாள். எல்லாம் கொப்பியிலை கிடக்கு பிள்ளை, வடிவாப் பாரும்."

அவள் தாள்களைப் புரட்டிப் பார்த்தாள். "அப்பிடி ஒண்டும் எழுதேல்லை," என்றாள். மூடும்போது அட்டையைத் தடவி, "நல்ல வடிவா உறை போட்டிருக்கிறியள். ஆர் போட்டது?" என்றாள்.

"நான்தான்."

ஊசி உம்முடைய கையில் இறங்கும்போது, மச்சாள், நான் அந்தப் புகழ்ச்சியில் சிரித்துக்கொண்டு நின்றேன்.

உதடு தடித்தது. மூச்சு இழுத்தது. கட்டிலோடு உம்மை உருட்டிக்கொண்டு ஓடினார்கள். நான் வெளியே கதிரையில் இருந்தபடி உறையை உரித்தேன். அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாவிட்டாலும், அது எதற்காக எழுதப்பட்டது என்று அப்போது விளங்கியது. தாளைக் கசக்கிக் கைப்பைக்குள் வைத்தேன்.

பெரிய டொக்டர் வந்து கொப்பியை வாங்கினார். தாதியைக் கூப்பிட்டார். "பெனிசிலின் குடுக்கக் கூடாதெண்டு முன்னுக்கே இவ்வளவு பெரிசா எழுதிக் கிடக்கு. உமக்குக் கண் தெரியேல்லையோ?"

"உறை இருந்தது, சேர்."

"எங்கை உறை?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "எனக்குத் தெரியாது," என்றேன்.

மூன்றாம் நாள் நீர் போய்விட்டீர். செத்தவீட்டில் மற்றவர்களை விட நான்தான் சத்தம் போட்டு அந்தப் பிள்ளையைத் திட்டினேன். உம்முடைய மகன் ஆஸ்பத்திரிக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டான். மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வாசிக்கச் சொன்னேன். குளிர் நல்லது, கக்கூசு துப்புரவு, கார் விட இடம் இருக்கிறது. நோயாளி சொல்லி முடிக்கும் மட்டும் காத்திருப்பார்களா என்று ஒருவரும் எழுதவில்லை.

அந்தப் பிள்ளையை வேலையிலிருந்து நிறுத்தி விசாரணை வைத்தார்கள். கார்த்திகையில் உம்முடைய மகன், "மாமி, கண்டதை எழுதிக் குடுங்கோ. அவளை இனி ஒரு இடத்திலையும் வேலை செய்ய விடக்கூடாது," என்றான். அன்று இரவு கைப்பையைத் திறந்து, கசக்கி ஒளித்த உறையை வெளியே எடுத்தேன். அடுத்த நாள் படகேறி, இரண்டு பஸ் மாறி, காரைநகருக்குப் போய் அவள் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன்.

அவள் என்னை இருக்கச் சொல்லவில்லை. கசங்கிய தாளை எடுத்து நீட்டினேன். கை நீட்டி வாங்கவில்லை.

"அண்டைக்கு ஏனம்மா தெரியாதெண்டு சொன்னனீங்கள்?"

தாளை அவளுடைய வாசல்படியில் வைத்தேன். அதைப் பார்த்தபடி அவள் சொன்னாள். "என்னிலையும் பிழைதான். அவ ஏதோ சொல்ல வந்தவ. நான் கொப்பியைப் பாத்தன், அவவைக் கேக்கேல்லை." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் உம்முடைய மகனுக்குப் போன் எடுத்தேன். "தம்பி, அந்தப் பிள்ளை பொய் சொல்லேல்லை. பொய் சொன்னது நான்," என்று நடந்ததை எல்லாம் சொன்னேன். "அம்மாவைக் கதைக்க விட்டிருக்கலாம், மாமி," என்றான். அதற்குப் பிறகு அவன் எனக்குப் போன் எடுப்பதில்லை.

இப்போது நான் கிளினிக்குக்குப் போனால் வாய் ஓய்வதில்லை. இது என்ன மருந்து, என்னத்துக்கு, என்னுடைய பேர்தானா என்று பார்த்தீரா, முன்பு எனக்கு ஒத்துக்கொள்ளாததை எழுதினீரா? "ஆச்சி வந்திட்டா, இண்டைக்குச் சோதினைதான்," என்று அங்கே பகிடி பண்ணுகிறார்கள். பண்ணட்டும். போன மாதம் பக்கத்து வாங்கில் இருந்த ஒரு மனுசிக்குப் பதிலாக அவவின் மகள் டொக்டருக்கு எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். "பிள்ளை, அவவைச் சொல்ல விடும்," என்றேன். மகள் முறைத்தாள். பிறகு மனுசி தானே எல்லாம் சொன்னா.

நாளை நாளை என்று தள்ளிப்போட்டு, நேற்றுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரணைக்கு எழுதிக் கொடுத்தேன். உறை போட்டது நான், உரித்தது நான், ஒளித்தது நான், உம்முடைய வாயை அடைத்ததும் நான். அந்தப் பிள்ளையைத் திரும்ப வேலைக்கு எடுப்பார்களா என்று கேட்டேன். அறிவிப்போம் என்றார்கள். ஒன்று மட்டும் உமக்குச் சொல்லாமல் இருக்க ஏலாது. நான் எழுதிய எழுத்து குண்டு குண்டாக, வரி கோணாமல் விழுந்தது. அதைப் பார்த்து, மச்சாள், ஒரு கணம் எனக்குப் பெருமை வந்தது.