சிவப்புத் தண்டு கீழாநெல்லி

1983, ஆடி 14, சனி.

என் படிப்பு அரிச்சுவடியோடு நின்றது. எழுத்து கோணினாலும் இதை இன்னொருத்தரிடம் சொல்லி எழுத வைக்க முடியாது.

மஞ்சள்காமாலைக்கு நான் மோரில் கலக்கிக் கொடுக்கும் கீழாநெல்லியைச் சோதிக்க வேண்டும் என்று மலையாளி காலேஜ் சார் ஒருவர் போன மாதம் இங்கே கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்து கேட்டார். மருந்தைக் கம்பெனிக்கு விற்றுவிடுவார் என்று எனக்குச் சந்தேகம். பச்சைத் தண்டுதான் மருந்து. நான் பார்க்க அதுபோலவே இருக்கும் சிவப்புத் தண்டைப் பிடுங்கிக் கொடுத்தேன்.

இன்று மறுபடி வந்தார். "பெரியவரே, சாராயத்தில் ஊறவெச்சு நோக்கியாச்சு. கீழாநெல்லியில கசப்பான வஸ்து ஒன்னு உண்டு. இதில துளிகூட இல்லல்லோ" என்றார். சொல்லும்போது என் முகத்தையே பார்த்தார். வேறு செடி என்று தெரிந்தே வந்திருக்கிறாரோ?

பக்கத்து வீட்டு வள்ளி கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் புருஷனுக்கு மூன்று நாளாக நான்தான் மருந்து கொடுக்கிறேன். கண்ணில் மஞ்சள் குறையத் தொடங்கியிருக்கிறது.

"ஒண்ணுமில்லாத பச்சிலைக்கா எங்க ஆளை உப்பில்லாம பத்தியச் சோறு தின்ன வெச்சீங்க, பெரியப்பா?" என்றாள். அரைத்து வைத்த உருண்டையை எடுக்காமல் போய்விட்டாள்.

சார் போனபின் இரண்டு செடியையும் பிடுங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். "உன் புருஷனுக்குக் கொடுக்கிறது இந்தப் பச்சை. இந்தச் சிவப்புத் தண்டு, அந்த சாரை ஏமாத்தக் கொடுத்தது" என்றேன்.

அவள் செடியைப் பார்க்கவே இல்லை. "படிச்ச சாரையே ஏமாத்தினவர். எங்களுக்கு எதைக் கொடுத்தீங்கன்னு யார் கண்டது?"

கதவைச் சாத்திவிட்டாள். அவனுக்கு இன்னும் நான்கு நாள் மருந்து பாக்கி.