குப்பாயிக்குப் போன ரோஜாச் சீலை

கிளியூர்
25-1-87

அன்புள்ள அண்ணன் லூர்துராஜுக்கு,

மாதா புண்ணியத்தில் அம்மாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், பஹ்ரைனில் நீங்களும் அப்படியே இருக்க தினமும் வேண்டிக்கொள்கிறோம். வழக்கம் போல அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஆனால் இந்த முறை நடுவில் உள்ளதை நீயே எழுது, நீ செய்ததை என் வாயால் சொல்ல மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டது.

முதலில் அம்மா சொல்வது. கண்ணு, இங்கே பனி நிறைய விழுகிறது, காப்பிப் பழம் பறித்து முடியப் போகிறது, இனிமேல் மிளகு. அப்பா ஏணியில் இருந்து விழுந்த மரத்துப் பக்கம் என்னை வேலைக்குப் போடாமல் எஸ்டேட் ரைட்டர் பார்த்துக்கொள்கிறார், நல்ல மனுஷன். நீ நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள், படுக்கும் முன் ஜெபமாலை சொல்ல மறக்காதே.

இனி நான் எழுதுவது. நீங்கள் கொடுத்தனுப்பிய ரோஜா நிற நைலக்ஸ் சீலையைக் கட்டிப் போட்டோ எடுத்து, சேலத்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். போட்டோ எடுக்கவில்லை. சீலை இல்லை அண்ணா. அப்பா போனதில் இருந்து எனக்கு எதுவும் உறைக்கவில்லை. நான் அழவில்லை என்று ஊரில் பேசினார்கள், அதுவும் உறைக்கவில்லை. காப்பி குடித்தால் காப்பி என்று தெரியும், அவ்வளவுதான். சீலையை எடுத்துப் பார்த்தேன், நல்ல சீலை என்று தெரிந்தது, சந்தோஷம் வரவில்லை. சேலத்து வீட்டில் டிவியும் பிரிட்ஜும் இருக்கிறது என்று நீங்கள் எழுதினதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், வேறு யாருக்கோ வந்த சங்கதி போல இருந்தது. சும்மா ஊட்டுல குந்தியிருக்காத என்று அம்மாதான் சிஸ்டர்கள் நடத்தும் வயதானவர்கள் இல்லத்துக்கு என்னை வேலைக்கு அனுப்பியது. அங்கே செம்மநத்தத்துக் குப்பாயி என்று ஒரு அம்மா, பிள்ளை இல்லாதவர், காலில் ஆறாத புண். ஏனுங்க சிஸ்டர், இந்தப் புள்ளைக்கு வாயி வைக்க உங்க சாமி மறந்துட்டாருங்களா என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். அப்புறம் என்னைப் பார்த்து, எனக்கு வாயி நொம்ப, பாதிய நீ எடுத்துக்க சாமி என்பார். அவர் புண்ணைக் கழுவும்போது மட்டும் வெந்நீரின் சூடு என் கைக்குத் தெரியும்.

பொங்கல் கழிந்து அவர் இறந்துபோனார். உடலை எடுத்துப் போக அவர் கொழுந்தன் மகன் சென்றாயன் ஆட்களோடு வந்தார். குளிப்பாட்டிப் பாடை கட்டிய பிறகு, பிறந்த வீட்டுக் கோடிச் சீலை போர்த்தாமல் தூக்கக் கூடாது என்று நின்றுவிட்டார்கள். பிறந்த வீட்டில் யாரும் உயிரோடு இல்லை. சிஸ்டர் புதுத் துணி தருகிறேன் என்றார். துணிக்கில்லைங்க, பொறந்த ஊட்டு ஆளு கொண்டாரணுமுங்க என்றார்கள். நான் வீட்டுக்கு ஓடிவந்து பெட்டியைத் திறந்து சீலையை எடுத்துப் போனேன். வழியில் ஒன்றும் யோசிக்கவில்லை. நீ யாரு புள்ள என்று சென்றாயன் கேட்டார். பொறந்த ஊட்டுப் புள்ளைங்க என்றேன். அத்தனை ஆண்களுக்கு நடுவில் நான்தான் சொன்னேன் அண்ணா. பக்கத்துக் கட்டில் கண்ணாயி பாடையைப் பார்த்து, கேட்டியா குப்பாயி, உம் புள்ள வாயத் தொறந்துருச்சு என்றார். சென்றாயன் வேறொன்றும் கேட்காமல் இரண்டு கையாலும் வாங்கிப் போர்த்தினார். தூக்கிப் போனார்கள்.

அன்று கோயிலில் முழங்கால் போட்டேன். எதுவும் கேட்கத் தோன்றவில்லை, ஆண்டவர் பக்கத்தில் இருப்பது மட்டும் தெரிந்தது. அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தால் சர்க்கரை குறைவு என்று தெரிந்தது. அண்ணா, சேலத்து வீடு எனக்கு வேண்டாம். நான் சிஸ்டர்களோடு இருந்து இந்த வேலையே செய்கிறேன். நீங்கள் சரி என்றால்தான் அங்கே சேர்த்துக்கொள்வார்கள். கல்யாணச் சீலையப் பொணத்துக்குப் போத்துனவள எவன் கட்டுவான் என்று அம்மா அடுப்பைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தது. போன ஞாயிறு பூசை முடிந்து இல்லத்துக்கு வந்து, நான் கண்ணாயிக்கு நகம் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றது. இன்று பேப்பரை எடு என்றது.

மறுபடி அம்மா சொல்வது. கண்ணு, சேலத்துக்காரர்களுக்கு நீயே நல்ல வார்த்தையாகச் சொல்லிவிடு. இவள் பிறந்ததில் இருந்து எதுவும் கேட்டதில்லை, இப்போது ஒன்று கேட்கிறாள், அப்பா இருந்தால் இல்லை என்று சொல்லியிருக்க மாட்டார். தங்கச்சி மேல் கோபப்படாதே. ஆரோக்கிய மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். ஊருக்கு வரும்போது நைலக்ஸ் கொண்டு வராதே, இந்தப் பனிக்கு ஆகாது, கம்பளி கொண்டு வா. எத்தனை வேண்டும் என்று இவளைக் கேட்டேன். அங்கே எத்தனை கட்டில் இருக்கிறதோ அத்தனையாம்.

அம்மா ஆரோக்கியத்தின் கைநாட்டு,
எழுதியது உங்கள் தங்கை மரியபுஷ்பம்