கண்ணாடியிலும் அதே கறை

என் அன்பு வாயாடி மகளுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன், பொய்யாக இருந்தாலும் அப்படியே இருக்கட்டும். இங்கே நான் நலம், சலூன் நலம், உன் அம்மா முக்கால் நலம். அந்த மிச்சக் கால் என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் பேனாவைத் தொட்டிருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் மன்னித்துப் பிரிந்துவிட்டோம் என்பது உனக்குத் தெரியும், அதனால் எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்த மாதிரிதான் எழுத்து இருக்கும், பொறுத்துக்கொள். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். சொல்லத்தான் கூப்பிட்டேன். நான் வாயைத் திறந்ததுமே நீ சிரித்தாய், நீ சிரித்ததும் நானும் ஏதோ கேலி பேசிவிட்டு வைத்துவிட்டேன். மறுபடி கூப்பிட்டேன், மறுபடி அதே கூத்து. வாழ்நாள் முழுக்க விளையாட்டுக்கே பேசினவனுக்கு ஒரு நல்லது கெட்டது சொல்ல வேண்டி வந்தால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் கேமரா ரிப்பேர்க்காரர் இதைத் தன் போனில் படமெடுத்து உனக்கு அனுப்பி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார், தபாலை நம்பி உட்கார நேரமில்லை.

நீ வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன கேமரா இருக்கிறதே, அது இப்போது எனக்குச் சக்களத்தி. மருந்துக் கடை வேலையிலிருந்து வந்ததும் உன் அம்மா நேரே மொட்டை மாடிக்குத்தான் போவாள். கேமரா நிற்கிற முக்காலியில் ஒரு கால் ஒடிந்து, அதற்கு என் சீப்பை வைத்துக் கட்டுப் போட்டிருக்கிறாள். ரெக்சின் கிழிந்த பழைய சலூன் நாற்காலியை என் முதுகில் ஏற்றி மாடியில் போடச் சொன்னாள், அதில் மகாராணி மாதிரி சாய்ந்துகொண்டு வானத்தைப் பார்ப்பாள். தெரு விளக்கு கண்ணில் அடிக்கக்கூடாதாம், அதற்கு நான் வாடிக்கைக்காரர்களுக்குப் போர்த்துகிற கறுப்புத் துணியைக் கொடியில் தொங்கவிட்டிருக்கிறாள். லென்ஸில் பனி படியக்கூடாதாம், அதற்கு என் ஹேர் டிரையர். ஒருநாள் தலையை நனைத்துவிட்டு ஒருவரை உட்கார வைத்திருக்கிறேன், டிரையரைக் காணோம். மேலே உர்ரென்று சத்தம். அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்து, "என்ன மாஸ்டர், வீட்டம்மா நிலாவுக்கு முடி காய வைக்கிறாங்களா?" என்றார். நான் என்ன சொல்வேன், எப்பேர்ப்பட்டவனையும் என் முன்னால் தலைகுனிய வைக்கிறவன், அன்றைக்கு நான் குனிந்தேன். இத்தனை அமர்க்களமும் வரிசையாக நிற்கிற அந்த மூன்று நட்சத்திரத்துக்குக் கீழே புகை மாதிரி தெரிகிற வெளிச்சத்துக்காக. ஒரு படத்தில் ஒன்றுமே இருக்காது, எடுத்து எடுத்து உனக்கு அனுப்பினால் நீ கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவாய், அடுக்க அடுக்க வெளிச்சம் ஏறும் என்று எனக்குப் பாடம் எடுப்பாள். எனக்கு அது கறுப்புத் துணியில் பொடுகு கொட்டின மாதிரிதான் தெரிந்தது, அதைச் சொல்லி அடியும் வாங்கினேன்.

கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கிற ஓட்டைக்குள் நட்டநடுவில் ஒரு கறை இருக்கிறது என்று அவள் உன்னிடம் புலம்பினாளே, ஞாபகம் இருக்கிறதா. மெல்லிய துணியால் துடைம்மா என்று நீ சொன்னாய். துடைத்தாள். நானும் துடைத்தேன். எனக்குக் கறை தெரியவில்லை, படிக்காத கண்ணுக்கு அதெல்லாம் தெரியாது என்று விட்டுவிட்டேன். படத்தில் கறை இல்லையே என்று நீ சொன்னாய், மனசு நோகக்கூடாதென்று பிள்ளை பொய் சொல்கிறது என்றாள். ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனாள். அவர் பிரித்து, உள்ளே இருக்கிற குட்டிக் கண்ணாடியை ஊதி, "அக்கா, குளிப்பாட்டின கொழந்த மாதிரி இருக்கு, ஒரு தூசு கெடையாது" என்றார். உன் அம்மாவுக்கு வந்ததே கோபம், "மொதல்ல போய் உங்க கண்ண டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவர் பாவம், சிரித்துக்கொண்டே வேறொரு லென்ஸை இரவல் கொடுத்து அனுப்பினார். அதிலும் கறை. இதற்கு நடுவே அவள் எதையும் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தாள். மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், கொஞ்சம் தள்ளிப் பார்த்தால்தான் தெரியும் என்று நீதானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாய். அந்தப் பழக்கம்தான் என்று நினைத்தேன். மாத்திரை அட்டையை ஓரக்கண்ணால் பார்க்கிறாள், சுவர்க் கடிகாரத்தை ஓரக்கண்ணால் பார்க்கிறாள், என்னையும் அப்படித்தான். "கல்யாணத்தப்பகூட என்ன இப்படி ஓரக்கண்ணால பாக்கலியே, இப்ப என்னடி புதுசா?" என்று நான் கடையில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

போன மாதம் கடை விடுமுறையன்று மத்தியானம் அவளைக் கடை நாற்காலியில் உட்கார வைத்துத் தலைக்கு டை போட்டுக்கொண்டிருந்தேன். மருந்துக் கடையில் கிழவி என்று கூப்பிட்டுவிடுவார்களாம். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வழிந்து இடது கண்ணுக்குப் போகப் பார்த்தது. கண்ணை மூடச் சொல்லி அதன்மேல் பஞ்சை வைத்தேன். கொஞ்ச நேரம் எதிரே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "என்னங்க, உங்க கடக் கண்ணாடியிலயும் அதே கறை இருக்கே" என்றாள். எனக்குத் தொழில் புத்தி, என் கண்ணாடியைக் குறை சொன்னால் பொறுக்காது, துண்டை எடுத்துத் துடைத்தேன். "இப்ப?" என்றேன். "இருக்கு" என்றாள். தண்ணீர் தெளித்துப் பழைய பேப்பரால் தேய்த்தேன். "இப்ப?" அவள் கை மெல்லப் போய்ப் பஞ்சை எடுத்தது, திரும்ப வைத்தது, எடுத்தது, வைத்தது. "கண்ணாடிய விடுங்க, போதும்" என்றாள். அப்புறம் யாரைப் பற்றியோ சொல்கிற மாதிரி, "காது இருக்கு, முடி இருக்கு, நடுவுல ஆளக் காணோம்ங்க" என்றாள். பாதித் தலைக்குத்தான் டை போட்டிருந்தேன், மீதிப் பாதிக்கும் போட்டு முடித்தேன். கைக்கு வேறு என்ன தெரியும், சொல்.

விஷயம் இதுதான் மகளே. கறை இருந்தது வலது கண்ணில். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது இடது கண் அதை மறைத்துவிட்டது, கேமரா ஓட்டையில் வலது கண்ணை மட்டும் வைத்துப் பார்க்கும்போது மட்டும் காட்டிக்கொடுத்திருக்கிறது. அவளும் நீயும் நானும் ரிப்பேர்க்காரரும் எல்லாருமாகச் சேர்ந்து அந்தப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தோம். கண் ஆஸ்பத்திரியில் உன் வயசு இருக்கும் ஒரு டாக்டரம்மா, ரொம்பப் பொறுமையாகப் பார்த்தார். உன் அம்மா மாதிரி சின்ன வயசிலிருந்து சோடா புட்டிக் கண்ணாடி போட்டவர்களுக்குச் சில பேருக்கு இப்படி வருமாம், கண்ணுக்குப் பின்னால் வேண்டாத ரத்தக் குழாய் முளைத்துக் கசிந்து நடுப் பார்வையைத் தின்றுவிடுமாம். எப்போதிருந்து என்று கேட்டார். உன் அம்மா கேமராக் கதையைச் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்பவே வந்திருந்தா..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டுவிட்டார், அதற்காக அவருக்கு நான் கும்பிடு போட வேண்டும். வலது கண்ணில் போனது போனதுதான். இடது கண்ணிலும் தொடங்கிவிட்டது, அதனால்தான் அந்த ஓரக்கண் பார்வை. உடனே ஊசி போட ஆரம்பித்தால் இடது கண்ணைப் பிடித்து நிறுத்தப் பார்க்கலாம், தள்ளிப்போடாதீர்கள் என்றார். "ஊசி கையிலயா?" என்று உன் அம்மா கேட்டாள். கண்ணில்தான் என்று டாக்டரம்மா சொன்னதும் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மறுநாளே மருந்துக் கடை முதலாளியிடம் போய், இனிமேல் நான் மாத்திரை எடுத்துக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவர் நல்ல மனுஷர், கல்லாவில் உட்காருங்கள் என்றார், வேண்டாம் என்றுவிட்டாள். வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அந்த இருமல்காரருக்குச் சரியாகத்தான் கொடுத்தேனா, அந்தப் பிள்ளைத்தாய்ச்சிக்கு எந்த அட்டையைக் கொடுத்தேன் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்க்கிறாள். தப்பாக் குடுத்திருந்தா இந்நேரம் சண்டைக்கு வந்திருப்பாங்கடி என்று தேற்றினேன். "வர முடியாதவங்க எப்படிங்க வருவாங்க?" என்றாள்.

இப்போது நான் எதற்கு எழுதுகிறேன் என்பதற்கு வருகிறேன். ஊசி போட வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். போன வியாழக்கிழமையும் வரச் சொன்னார்கள், அவள் போகவில்லை. பயம், இருக்கிற கொஞ்சமும் போய்விடும் என்று பயம், ஆனால் பயம் என்று சொல்ல மாட்டாள், இந்தப் படம் முடியட்டும் என்பாள். அந்த மூன்று நட்சத்திரமும் நாளுக்கு நாள் சீக்கிரம் இறங்கிக்கொண்டு வருகிறதாம், இன்னும் கொஞ்ச நாளில் சூரியனோடு சேர்ந்து மறைந்துவிடுமாம், அதற்கப்புறம் நெடுநாள் காத்திருக்க வேண்டுமாம், அதுவரை தனக்கு அது தெரியுமோ தெரியாதோ என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இன்னும் நிறையப் படம் இருந்தால் இன்னும் நன்றாக வரும் என்று நீ ஒருநாள் சொன்னாயே, நீ சும்மா சொன்னாய், அதைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இருட்டத் தொடங்கியதும் என்னை மாடிக்கு இழுத்துப் போகிறாள். ஓட்டையில் கண்ணை வைப்பது நான், நட்சத்திரம் சுருங்கிப் புள்ளியாகிறவரை லென்ஸைத் திருகுவதும் நான். "சுருங்கிச்சா?" "அரிசி அளவுக்கு வந்திருச்சு." "அரிசி பத்தாது, கடுகாகணும், திருகுங்க." "கடுகாயிருச்சு." "பொய் சொல்றீங்க, குரலே சரியில்ல." முகத்தில் கத்தி வைத்து ஒரு கீறல் போட்டதில்லை நான், ஒரு நட்சத்திரத்தைக் கடுகாக்க முடியவில்லை. ஒரு நாள் எனக்கு ஆத்திரம் தாங்காமல், படம் கெட்டால் விட்டுவிடுவாள் என்று அரிசியாகவே விட்டுவிட்டுக் கடுகாயிற்று என்று சத்தியம் செய்தேன். நீ அடுத்த நாள், "அம்மா, போன தடவை வந்ததெல்லாம் மங்கல்" என்றாய். அப்படியானால் திரும்ப எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். என் கெட்டிக்காரத்தனத்தால் போன வியாழக்கிழமையும் போயிற்று. ஆகவே என் தங்கமே, இனி படம் வேண்டாம் என்று நீதான் சொல்ல வேண்டும். இந்த வியாழனுக்குள் சொல். இருக்கிறதை அடுக்கி, "போதும் அம்மா, முடிந்துவிட்டது" என்று சொல்லி அனுப்பிவிடு. அனுப்பும்போது பெரிதாக்கி அனுப்பு, அந்த வெளிச்சத்தை நட்டநடுவில் வைக்காதே, ஓரமாக வை. அவளுக்கு இல்லாதது நடு மட்டும்தான்.

உனக்கு இதெல்லாம் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. தெரிந்தால் நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய், சொல்லவே கூடாது என்று அவள் என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறாள், நான் என்றைக்கு வாக்கைக் காப்பாற்றினேன். வரத் தோன்றினால் வா, ஆனால் முதலில் படம் போகட்டும், ஊசி விழட்டும். உன்மேல் ஒரு தப்பும் இல்லை, கேமராவை விட்டுவிட்டுப் போனதும் துடைக்கச் சொன்னதும் தப்பாகாது, அதை நினைத்து மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தாதே, அந்த மூக்கு என்னுடையது. கண்தான் அவளுடையது, அங்கேதான் எனக்குப் பயம். உனக்கும் அதே சோடா புட்டிதானே. பிள்ளைக்கும் அந்தப் பவர் இருந்தால் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள் என்று டாக்டரம்மா வாசல்வரை வந்து சொன்னார். எங்கே இருந்தாலும் நீ நிறைவாக, நோய்நொடி இல்லாமல், இதே வாயோடு இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். இப்போது அப்பா சொல்கிறபடி செய். ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு இந்தக் கடிதத்தைப் பார், பிறகு மறு கண்ணை மூடிக்கொண்டு பார். என் வரி கோணலாகத்தான் இருக்கும், அதை நம்பாதே, எதிரே ஜன்னல் கம்பியைப் பார். கம்பி எங்கேயாவது வளைந்தாலோ, நடுவில் ஒரு சின்னக் கறை தெரிந்தாலோ, உன் கண்ணாடியைத் துடைக்காதே. துடைக்காமல் நேரே டாக்டரிடம் போ.

இப்படிக்கு,
துண்டும் கையுமாக நிற்கும் உன் அப்பா