உன்னை அவசரப்படுத்தியது யார்?

என் ஆசை மாப்பிள்ளைக்கு,

மலைக்குப் போய்த் திரும்பிவிட்டேன். கை கால் எல்லாம் பத்திரம். மூக்கு மட்டும் பனியிலும் வெயிலிலும் தோலுரிந்து கறுத்துக் கிடக்கிறது. கவரப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி டீக்கடைக்குப் போனால், "இன்னாபா, வெல்டிங்ல மூஞ்சிய காட்டிட்டியா?" என்று கேட்கிறார்கள். நீ இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு மாதம் ஓட்டியிருப்பாய்.

உச்சிக்கு நான் போகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே காட்டுவதற்காக எடுத்துப் போன உன் போட்டோ, ஜாக்கெட்டின் உள்பையில் வைத்தது வைத்தபடியே திரும்பி வந்தது. இன்னும் அரை மணி நேரம் ஏறினால் போதும் என்ற இடத்தில் திரும்பினேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் பேரைத் தினமும் காலையில் கேட்கிற நம் ஆட்களும் இதைப் படிக்கட்டும் என்றுதான் எல்லோருக்கும் தெரிய எழுதுகிறேன்.

உன் பேரைத் தினமும் சொல்கிறார்கள், தெரியுமா உனக்கு? வேலை தொடங்கும் முன் எட்டு மணிக்கு எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஜாக்கிரதை சொல்வார்களே, அந்த டூல்பாக்ஸ் மீட்டிங்கில். புதிதாக வந்திருக்கும் சேஃப்டி ஆபீசர் உன் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் உன்னைப் பற்றி அவர்தான் பேசுகிறார். "தேசிங்குன்னு ஒருத்தர். பெல்ட் போட்டிருந்தாரு. ரெண்டு ஹூக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டையும் ஒரே நேரத்துல கழட்டுனாரு. கவனக்குறைவு. அவ்ளோதான், ஆளு போயிட்டாரு."

மூன்றாவது வரிசையில் நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். பாவம், தங்கச்சி புருஷன் நினைப்பு என்று பக்கத்தில் நிற்பவன் தோளைத் தட்டுவான். ஒன்றரை வருடமாக இப்படித்தான் தட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

மஞ்சுளாவுக்கும் அதே வார்த்தைதான் வந்து சேர்ந்தது. கவனக்குறைவு. கருமாதி முடிந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டாள், "எங்கள ஒரு நிமிஷம் நெனச்சிருந்தா அந்த ஹூக்க கழட்டியிருப்பாரா அண்ணா?" பந்தல்காரனுக்குப் பணம் கொடுக்கணும் என்று எழுந்து போய்விட்டேன். அதற்குப் பிறகு அவள் உன் போட்டோ பக்கம் திரும்புவதே இல்லை. சாமிப் படங்களுக்கெல்லாம் பூ வைப்பாள், உன்னைத் தாண்டிப் போய்விடுவாள். செத்தவன் மேல் இப்படியா கோபம் வைப்பது என்று ஊரில் பேசுகிறார்கள். அந்தக் கோபத்தை அவள் தலையில் ஏற்றிவைத்தது யார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

மலையேறக் கூட்டிப்போகிற குழுவில் நம் இரண்டு பேர் பேரையும் கொடுத்தது நீ. நம் இரும்பு உருக்காலையில் சிம்னியைச் சுற்றிச் சாரம் கட்டி முடித்ததும் உச்சியில் நின்றுகொண்டு கிழக்கே பழவேற்காடு ஏரியையும் தெற்கே அத்திப்பட்டுப் புகையையும் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல எடமே இல்லியா மச்சான்?" என்பாய். உன்னால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் நாகலாபுரம் மலைப் பக்கம் மூட்டை தூக்கிக்கொண்டு அலைந்தோம். உன்னால்தான் முதல் வருடம் இமயமலையில் ஒரு சின்ன மலையில் நடந்து பழகினோம். அடுத்தது லடாக்கில் ஆறாயிரம் மீட்டருக்கு மேலே என்று நீயே முடிவு செய்தாய். நீ போனபிறகு என் பேரை எடுத்துவிடலாம் என்று இருந்தேன். மஞ்சுளாதான் விடவில்லை.

"அவரு போட்ட பேரு. நீ போ. ஏறிட்டு வந்து சொல்லு, அதுல அப்டி இன்னாதான் கீதுன்னு."

அதை அவள் அன்பாகச் சொல்லவில்லை.

ஏழு பேர் போனோம். கூட்டிப்போன கைடு பேர் ஸ்டான்சின். ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டார். அடிவார முகாமில் முதல் நாள் எல்லோர் இடுப்பிலும் பெல்ட் மாட்டி, இரண்டு கொக்கிகளைக் கையில் கொடுத்தார். மலையில் கயிறு கட்டி வைத்திருப்பார்கள். கொக்கியைக் கயிற்றில் மாட்டிக்கொண்டே ஏற வேண்டும். கயிறு முடிச்சுப் போட்டிருக்கும் இடம் வந்தால், ஒரு கொக்கியைக் கழற்றி முடிச்சுக்கு மேலே மாட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் இன்னொன்றைக் கழற்ற வேண்டும். எந்த நேரமும் ஒன்றாவது மாட்டியிருக்க வேண்டும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாம் இருபது வயதிலிருந்து செய்கிற வேலை. மற்றவர்கள் தடுமாறிக்கொண்டிருக்க நான் கண்ணை மூடிக்கொண்டு செய்து காட்டினேன். எங்கே கற்றாய் என்று கேட்டார். கும்மிடிப்பூண்டியில் என்றேன். அது எந்த மலையில் இருக்கிறது என்று கேட்டார், மாப்ள. நம்மோடு சாரம் கட்டுகிற பீகார் ஆட்களிடம் கற்ற இந்தியை வைத்து, அங்கே மலையே இல்லை என்று புரியவைக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது.

உச்சிக்குப் போகும் நாள் இருட்டிலேயே கிளம்பி, விடியும்போது ஒரு முகட்டின் மேல் இருந்தோம். இரண்டு பக்கமும் பள்ளம். நாலு எட்டு வைத்தால் நிற்க வேண்டும், அப்படி மூச்சு வாங்குகிறது. ஸ்டான்சின் எனக்கு மேலே, எனக்குக் கீழே புனேக்காரர் ஒருவர், கடைசியில் இன்னொரு கைடு. அப்போது மேற்கே இருந்து மேகம் ஒன்று வேகமாக வர ஆரம்பித்தது. ஸ்டான்சின் அதைப் பார்த்துவிட்டு, சீக்கிரம் வரச்சொல்லிக் கீழே குரல் கொடுத்தார், "ஜல்தி, ஜல்தி."

நான் முடிச்சுக்கு வந்து சேர்ந்திருந்தேன். விரல்கள் என்னுடையவை மாதிரியே இல்லை. ஒரு கொக்கியைக் கழற்றி மேலே மாட்டப் பார்த்தேன். கழற்றியதும் அதன் வாயில் பனி புகுந்து இறுகி, மறுபடி திறக்கவில்லை. ஒரு தடவை, இரண்டு தடவை, ம்ஹூம். பின்னால் புனேக்காரர் மூச்சு விடும் சத்தம் கேட்கிறது. மேலே இருந்து மறுபடியும் ஜல்தி. இன்னொரு கொக்கி நன்றாகத்தானே வேலை செய்கிறது, அதை எடுத்து மேலே மாட்டிவிடுவோம் என்று தோன்றியது. கழற்றினேன்.

இரண்டும் என் கையில் இருந்தன. தெரியாமல் செய்ததில்லை மாப்ள. தெரிந்துதான் கழற்றினேன். ஒரு நொடிதானே என்று கழற்றினேன். அந்த நொடியில் இடது கால் வழுக்கியது.

ஒரு முழம்தான் சறுக்கியிருப்பேன். பூட்சின் அடியில் கட்டியிருந்த இரும்பு முள் எதிலோ குத்தி நின்றது. வலது கையில் கயிறு இருந்தது. என்னைப் பிடித்து வைத்திருந்தது அந்த ஒரு கைதான். கீழே பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பார்த்தேன். சிம்னி அடிவாரம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

ஸ்டான்சின் எப்படி இறங்கி வந்தார் என்று தெரியாது. என் இடுப்பில் அவர் கொக்கி மாட்டிய சத்தம் கேட்டது. என் முகத்தைப் பிடித்துத் திருப்பினார். ஏன் கழற்றினாய் என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"யார் உன்னை அவசரப்படுத்தியது?"

யாரும் இல்லை என்றேன். பழக்கம். இதே கேள்விக்கு இதே பதிலை முன்பும் ஒரு தடவை சொன்னவன் நான்.

"நான்தான்," என்றார் அவர். "நான்தான் ஜல்தி என்றேன். இப்போது சொல், மேலேயா, கீழேயா? மெதுவாக யோசித்துச் சொல்."

கீழே என்றேன். மற்றவர்களை இன்னொரு கைடோடு அனுப்பிவிட்டு என்னோடு இறங்கினார். ஒவ்வொரு முடிச்சிலும், நான் இரண்டு கொக்கியையும் மாட்டி முடிக்கும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் எல்லோரும் திரும்பி வந்து சமையல் கூடாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஸ்டான்சின் எழுந்து நின்றார். "இன்றைக்கு ஒருவர் இரண்டு கொக்கியையும் கழற்றிவிட்டார். தப்பு என்னுடையது. மேகத்தைப் பார்த்துப் பயந்து ஜல்தி என்று கத்தினேன். ஜல்தி என்றால் மனிதன் கழற்றிவிடுவான். அவரை யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம்." சொல்லிவிட்டு உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? என் கவனக்குறைவு என்று சொல்லியிருந்தால் நானே தலையாட்டியிருப்பேன்.

உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் என் கையால் எழுத வேண்டும்.

அன்றைக்குச் சனிக்கிழமை. சாரத்தைப் பிரிக்கிற வேலை. நீ உச்சியில் கடைசிக் குழாய்களைக் கழற்றி இறக்கிவிட்டாய், நான் கீழே வாங்கி அடுக்கினேன். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் இரண்டு தடவை ஹாரன் அடித்தது. அதை விட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். நான் இரண்டு கையையும் வாயில் குவித்து மேலே பார்த்துக் கத்தினேன், "மாப்ள, பஸ்ஸு கெளம்பிடும். சீக்கிரம் எறங்கு."

"வந்துட்டேன் மச்சான்," என்றாய்.

நான் சாப்பாட்டுப் பையை எடுக்கத் திரும்பினேன். மறுபடி நான் பார்த்தபோது நீ கீழே கிடந்தாய்.

விசாரணையில் கேட்டார்கள், யாராவது அவசரப்படுத்தினார்களா என்று. இல்ல சார் என்றேன். உலைச் சத்தத்தில் வேறு யாருக்கும் என் குரல் கேட்டிருக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேனா, மஞ்சுளா முகத்தில் எப்படி விழிப்பது என்று பயந்தேனா? இரண்டும்தான். உன் பேரைக் கொடுத்து என் பேரைக் காப்பாற்றிக்கொண்டேன்.

ஊருக்கு வந்ததும் நேராக உன் வீட்டுக்குத்தான் போனேன். மஞ்சுளா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஏறிட்டியா?"

"இல்ல."

"அப்பறம் இன்னாத்துக்கு அவ்ளோ தூரம் போன?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் ஹாரன், நான் கத்தியது, விசாரணையில் சொன்ன பொய், மலையில் நான் கழற்றியது. அவள் அரிசித் தண்ணீரில் இருந்து கையை எடுக்கவே இல்லை. அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். தலை நிமிராமல் கேட்டாள்.

"அவரு இன்னா சொன்னாரு?"

"வந்துட்டேன் மச்சான்னு சொன்னான்."

"எங்கிட்டயும் அதான் சொன்னாரு."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "அன்னிக்கு டீ டைம்ல நான் போன் பண்ணேண்ணா. வேப்பம்பட்டுல சித்தி ஊட்டுக்கு போவணும், இன்னிக்காச்சும் சீக்கிரம் வந்து தொலைங்கன்னு கத்துனேன். வந்துட்டேன்னு நெனச்சிக்கோன்னாரு. இத நான் யாருக்கும் சொல்லல. என்னாலதான் போயிட்டாருன்னு நெனச்சா என்னால இருக்க முடியல. அதான் அவரு மேலயே கோவப்பட்டுக்கினு இருந்தேன்."

ஒரே குடும்பத்தில் இரண்டு பேர், ஒன்றரை வருடம், ஒருவருக்கொருவர் தெரியாமல் இதைச் சுமந்திருக்கிறோம். நீ எங்களை இப்படி விட்டுவிட்டா போக வேண்டும்?

ஆனால் ஒன்று, மாப்ள. அவள் சொன்னதால் நான் செய்தது சின்னதாகிவிடாது. அதை அவளிடமும் சொன்னேன். அவள் வீட்டில் இருந்துகொண்டு சொன்னாள். நீ கம்பி மேல் நிற்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே சொன்னவன் நான். இரண்டும் ஒன்றில்லை.

நான் கிளம்பும்போது மஞ்சுளா முந்தானையால் உன் போட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மூலையில் ஒட்டடை. "பாரு, எப்டி வெச்சிருக்கேன் இவர" என்று அவளையே திட்டிக்கொண்டாள்.

நாளைக்குத் திங்கட்கிழமை. எட்டு மணிக்கு ஆபீசர் உன் பேரைச் சொல்லுவார். கவனக்குறைவு என்ற வார்த்தைக்கு வரும்போது மூன்றாவது வரிசையில் இருந்து வெளியே வந்து, "சார், அவன அவசரப்படுத்துனது நான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறேன். என்னை வேலையைவிட்டு வீட்டுக்கு அனுப்பலாம். போலீசுக்கும் சொல்லலாம். பயம்தான், பொய் சொல்ல மாட்டேன். மஞ்சுளா போன் பண்ணினாள். "சொல்லிட்டு வாண்ணா. வேல போனா போவட்டும்," என்றாள். பிறகு, "மெதுவா வா," என்றாள்.

வேலையில் வைத்திருந்தால் உனக்கு ஒரு வாக்கு. இனி மேலே நிற்பவனைப் பார்த்து என் வாயிலிருந்து சீக்கிரம் என்ற வார்த்தை வராது. அவன் இரண்டு கொக்கியோடும் இறங்கி வந்து தரையில் கால் வைக்கும்வரை, அண்ணாந்து பார்த்தபடி அங்கேயே நிற்பேன்.

பஸ் போனால் போகட்டும்.

உன்னை அவசரப்படுத்திய மச்சான்,
மஞ்சுளாவின் அண்ணன்
பெருமாள்