தாளோடு தின்னுங்கள்

வேலூர் பெண்கள் சிறை
18.11.2024

அன்புள்ள அகிலா,

நான் உள்ளே வந்து பன்னிரண்டு நாளாகிவிட்டது. கூட்டாளிக்கு ஒரு கார்டு போடக்கூட உனக்கு மனசு வரவில்லையா?

வக்கீல் வந்தார். இறந்துபோன சுகாசினியின் வயிற்றில் தாமிரம் இருந்ததாம். கடலை உருண்டையில் குற்றமில்லை, அதைச் சுற்றிய நம் தின்கிற தாளில்தான் என்கிறார்கள். அரிசிக் கஞ்சியும் கடல்பாசியும் காய்ச்சி, கண்ணாடியில் ஊற்றிக் காயவைத்த தாளில் தாமிரம் எங்கிருந்து வரும்?

லைசென்ஸ் என் பெயரில், அதனால் நான் உள்ளே. அது போகட்டும். சுகாசினி எங்கள் தென்னேரித் தெருப் பிள்ளை. பள்ளி விழாவில் எல்லோரிடமும் தாளை மட்டும் கேட்டு வாங்கித் தின்றாளாம். இப்போது என் அம்மாவோடு யாரும் பேசுவதில்லை. அந்தக் குழந்தையை என் கை எப்படிக் கொன்றது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். யோசித்துச் சொல்.

உன் ஏஞ்சல்


பிள்ளையார்பாளையம்
27.11.2024

அன்பு ஏஞ்சலுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. விடாத மழை, தறிக்குழியில் தண்ணீர். உனக்கு எழுதுவது என் வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. "அந்தப் பொண்ணோட சேராதன்னு அப்பவே சொன்னேன்ல, இப்ப ஊரே பேசிக்கினு இருக்குது" என்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு. தாமிரம் என்றால் பாத்திரமாக இருக்கலாம். உன் வீட்டுச் செப்பு அண்டாவில் ஈயப் பூச்சு போயிருந்ததே, அதில் நீ ஒருமுறை கஞ்சி காய்ச்சவில்லையா? தெரியாமல் செய்ததுதானே. மனதைத் தேற்றிக்கொள்.

அகிலா


வேலூர்
5.12.2024

அகிலா,

அண்டாவில் தண்ணீர்தான் பிடித்து வைத்தோம். கஞ்சி எப்போதும் எவர்சில்வரில். அது உனக்கே தெரியும்.

அக்டோபர் மழையில் தாளெல்லாம் பூஞ்சணம் பிடித்தது. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த சமயம். "நீ போம்மா, நான் பாத்துக்கறேன்" என்றாய். ஒரு வாரம் கழித்து வந்தால் நீ புதிதாகக் காய்ச்சிய ஒரு தாளில்கூடப் பூஞ்சணம் இல்லை. லேசாக நீலம் தெரிந்தது, ட்யூப்லைட் வெளிச்சம் என்று நினைத்துவிட்டேன். உன்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன்.

உங்கள் வீட்டில் தறிப் பாவு நூலுக்குக் கஞ்சி போடும்போது, பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க அதில் என்ன சேர்ப்பீர்கள்?

ஏஞ்சல்


பிள்ளையார்பாளையம்
14.12.2024

ஏஞ்சல்,

மயில்துத்தம். தாமிர உப்பு.

மழைக்காலத்தில் பாவுக் கஞ்சியில் ஒரு சிட்டிகை போடுவோம். மழை விடவில்லையே என்று நம் தாளுக்குக் காய்ச்சிய கஞ்சியில் நான் ஒரு கரண்டி போட்டேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து போட்டுப் பழகிய கை. தின்பது உருண்டை, தாள் மேலே சுற்றுவதுதானே என்று நினைத்துவிட்டது. இரண்டு வருடமாகக் கடை கடையாக ஏறி "தாளோட தின்னுங்க" என்று சொன்னவளும் நான்தான்.

உன் முதல் கடிதத்தில் தாமிரம் என்று படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் அண்டாவைப் பற்றி எழுதினேன். பழி உன்மேல் நின்றுவிட்டால் நான் என் பெண்ணோடு வீட்டில் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். என்னை மன்னிக்காதே.

வெளியே வந்ததும் முதலில் சுகாசினியின் அம்மாவிடம் போ. என் பெயரைச் சொல்.

அங்கே வரும் கடிதங்களை அதிகாரிகள் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்களாம். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்தும் போடுகிறேன். நேரில் வந்தால் உன் முகத்தைப் பார்த்து மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன்.

தே. அகிலா